அமெரிக்க நாணயக் கடையில் முதல் வெள்ளி

அமெரிக்காவின் பெருநகரங்களிலும் சிற்றூர்களிலும் ஒற்றை அறைக் கடைகளாக இயங்கிவரும் நாணயக் கடைகள், அரிய காசுகளைத் தேடுவோருக்கு அவற்றை விற்பதோடு, வெள்ளியைச் சேமிப்பாக வைத்துக்கொள்ள விரும்பும் சாதாரணக் குடும்பங்களுக்கும் அதை எடைக்கணக்கில் விற்கின்றன. அதே மேசையின் மேல் வைத்துப் பொதுமக்களிடமிருந்து திரும்பவும் வாங்குகின்றன. நகைக்கடைக்கும் வங்கிக்கும் இடைப்பட்ட இந்த வணிகத்தில் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு வகையான விலைகள் அருகருகே கிடக்கின்றன. ஒன்று, காசிலுள்ள வெள்ளியின் எடைக்கான விலை. மற்றொன்று, அந்தக் காசின் ஆண்டு, அச்சுச்சாலை, தேயாத நிலை ஆகியவற்றுக்காகச் சேகரிப்பாளர் தரும் விலை. புதிதாக வாங்க வருபவர் இழக்கும் பணத்தில் பெரும்பகுதி, இரண்டாவது விலையைக் கொடுத்துவிட்டு முதலாவதை மட்டுமே பெற்றுக்கொண்டு திரும்புவதால்தான் போகிறது.

எடைக்கான விலை உலகச் சந்தையில் நொடிக்கு நொடி மாறுவது. நியூயார்க், லண்டன் சந்தைகளில் தூய வெள்ளி உடனடியாகக் கைமாறும் விலையை ‘ஸ்பாட்’ விலை என்கிறார்கள். அது ‘ட்ராய் அவுன்ஸ்’ என்ற அளவில் சொல்லப்படுகிறது. ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1035 கிராம் ஆகும். மளிகைப் பொருள்களை நிறுக்கும் அமெரிக்க அவுன்ஸ் 28.35 கிராம் மட்டுமே என்பதால், வீட்டுத் தராசில் அவுன்ஸ் கணக்கில் நிறுத்துப் பார்ப்பவர் எளிதில் ஏமாந்து போகக்கூடும். ஸ்பாட் விலைக்கு மேல் கடைக்காரர் சேர்க்கும் தொகைக்கு ‘பிரீமியம்’ என்று பெயர். நம் நகைக்கடைகளில் செய்கூலியும் சேதாரமும் எப்படியோ, அங்கே பிரீமியமும் அப்படியே: அச்சிட்ட செலவு, கொண்டுவந்த செலவு, கடையின் ஆதாயம் ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன, விற்கும்போது அதில் சிறு பங்கு திரும்பக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

ஆகவே, ஒரு காசின் விலையை மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான். ‘இதையே இன்று உங்களிடம் விற்க வந்தால் எவ்வளவு தருவீர்கள்?’ என்று சேர்த்துக் கேட்கும்போதுதான் உண்மைச் செலவு வெளிப்படுகிறது. கணக்குக்காக, ஸ்பாட் விலை 50 டாலர் என்றும், ஒரு அவுன்ஸ் காசைக் கடைக்காரர் 56 டாலருக்கு விற்று 51 டாலருக்கு வாங்குகிறார் என்றும் வைத்துக்கொண்டால், அதை வாங்கியவர் போட்ட முதலைக் காண்பதற்கே வெள்ளி ஏறத்தாழ பத்து விழுக்காடு ஏற வேண்டியிருக்கும். நேர்மையான கடைக்காரர் இந்தக் கேள்விக்குத் தயங்காமல் எண்ணைச் சொல்லுவார். மழுப்பும் கடையில் வாங்காமல் திரும்பிவிடுவதே முறை.

புதியவருக்குப் பொருத்தமான முதல் சரக்கு, பளபளக்கும் புதுக் காசுகளைவிட, பல கைகள் பட்டுத் தேய்ந்த பழைய அமெரிக்கச் சில்லறைதான். 1964ஆம் ஆண்டு வரை பொறிக்கப்பட்ட டைம் எனும் பத்து சென்ட், குவார்ட்டர் எனும் கால் டாலர், அரை டாலர் ஆகிய மூன்றும் 90 விழுக்காடு வெள்ளியும் 10 விழுக்காடு செம்பும் கலந்தவை. 1960களின் தொடக்கத்தில் தொழிற்சாலைகளின் தேவை பெருகி வெள்ளியின் விலை ஏறியபோது அரசுக்கு இக்கட்டு நேர்ந்தது. அவுன்ஸ் 1.38 டாலரைத் தாண்டினால், ஒரு டாலருக்கான சில்லறையை உருக்கி விற்பவருக்கு ஒரு டாலருக்கு மேல் கிடைக்கும். அந்நிலையில் நாட்டின் சில்லறை முழுவதும் உலைக்குப் போய்விடும். சில்லறைத் தட்டுப்பாடு ஏற்கெனவே தலைதூக்கியிருந்த நிலையில், 1965 ஜூலை 23 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட நாணயச் சட்டம், பத்து சென்ட், கால் டாலர் காசுகளிலிருந்து வெள்ளியை அறவே நீக்கியது. அரை டாலரில் மட்டும் 40 விழுக்காடாகக் குறைத்தது, அந்த அளவு 1970 வரை நீடித்தது. மக்களோ, பழைய காசுகளைப் பொறுக்கி எடுத்து வீட்டில் பூட்டி வைத்தார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நாணயக் கடைகளின் பைகளில் வந்து நிறைவது அந்த இருப்புதான்.

இந்தக் காசுகளை அடையாளம் காண்பதற்குக் கருவி ஏதும் தேவையில்லை. காசை நிமிர்த்திப் பிடித்து விளிம்பைப் பார்த்தால், 1965 முதல் வந்த டைமிலும் குவார்ட்டரிலும் நடுவே செம்புநிறக் கோடு ஓடுவதும், 1964 வரையிலானவற்றில் விளிம்பு முழுவதும் ஒரே வெண்மையாக இருப்பதும் கண்ணுக்குத் தெரியும். சேகரிப்பு மதிப்பற்ற இத்தகைய காசுகளை வணிகர்கள் ‘ஜங்க் சில்வர்’ என்று குறிப்பிட்டு, முகமதிப்பின் மடங்காக விலை சொல்லுவார்கள். முகமதிப்பு என்பது காசின் மேல் பொறித்த தொகை. பத்து டைம், நான்கு குவார்ட்டர், இரண்டு அரை டாலர் ஆகிய எதை எடுத்தாலும் முகமதிப்பு ஒரு டாலர்தான், எடையும் 25 கிராம்தான் என்பதால் கணக்கு எளிதாகிவிடுகிறது. புத்தம்புதிதாக இருந்தபோது ஒரு டாலர் முகமதிப்புக்கு 0.7234 ட்ராய் அவுன்ஸ் வெள்ளி இருந்தது. புழக்கத்தில் தேய்ந்ததைக் கழித்து வணிகர்கள் 0.715 என்று கணக்கிடுகிறார்கள். ஸ்பாட் விலை 50 டாலராக இருக்கும் நாளில் பத்து டைம்களுக்கான வெள்ளி மதிப்பு 35.75 டாலர். கடைக்காரர் முகமதிப்பைப் போல் 37 மடங்கு கேட்டால் பிரீமியம் மிகக் குறைவு என்றும், 43 மடங்கு கேட்டால் மிக அதிகம் என்றும் மனக்கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இந்தச் சரக்கைப் போலியாகச் செய்பவர்களுக்கு ஆதாயம் குறைவு, 2.5 கிராம் எடையுள்ள தேய்ந்த டைமைப் போலி செய்வதற்கு ஆகும் உழைப்பை அதன் விலை ஈடுகட்டாது. சிறுசிறு துண்டுகளாக இருப்பதால் அவசரத்துக்குத் தேவையான அளவை மட்டும் விற்கலாம் என்பது மற்றொரு வசதி. ஆயினும் வெள்ளி விலை திடீரென உயர்ந்து, விற்க வருவோர் கடைகளில் குவிந்து, உருக்காலைகளில் சரக்கு தேங்கும் காலங்களில், கடைகள் இக்காசுகளை உலோக மதிப்புக்கும் கீழாகவே எடுத்துக்கொள்ளும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது நிக்கல் உலோகம் போர்த் தேவைக்குத் திருப்பப்பட்டதால் 1942 முதல் 1945 வரை 35 விழுக்காடு வெள்ளி கலந்து வந்த ஐந்து சென்ட் காசுகளும், 40 விழுக்காட்டு அரை டாலர்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைச் சுத்திகரிக்கும் செலவு கூடுதல் என்பதால் திரும்ப விற்பது கடினம். தொடக்கத்தில் தவிர்ப்பதே நல்லது.

பெரிய வெள்ளி டாலர்கள் தனி உலகம். ஜார்ஜ் மார்கன் வடிவமைத்து 1878 முதல் 1904 வரையும் மறுபடி 1921இலும் வெளிவந்த மார்கன் டாலர் 26.73 கிராம் எடையும் 0.7734 ட்ராய் அவுன்ஸ் தூய வெள்ளியும் கொண்டது. இதன் வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில், காகித நோட்டுகளைக் கொடுத்துவிட்டு வெள்ளி ரூபாய் கேட்டு இந்திய மக்கள் நெருக்கியதால் பிரிட்டிஷ் இந்திய அரசின் வெள்ளி இருப்பு வற்றத் தொடங்கியது. அப்போது 1918இல் அமெரிக்கா இயற்றிய பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டு, அதில் பெரும்பகுதி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு இந்திய அச்சுச்சாலைகளைச் சென்றடைந்தது. ஐந்தாம் ஜார்ஜின் உருவம் பொறித்த அக்காலத்து ரூபாய்களில் ஒரு பகுதி, முன்பு அமெரிக்க டாலராக இருந்த வெள்ளியால் ஆனது. எந்த ஆண்டுக் காசு எத்தனை உருகிப்போனது என்ற குறிப்பு எழுதப்படாததால், மார்கன் டாலர்களில் எவை இன்று அரியவை என்பதை அச்சிட்ட எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

புதியவர் இடறும் இடமும் இதுவே. சேகரிப்பாளர்கள் காசின் நிலையை 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள். ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் விலை பன்மடங்காகும் காசுகள் உண்டு. இந்த மதிப்பீட்டுக்காகவே 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி ஆகிய நிறுவனங்கள் தோன்றி, காசைச் சோதித்து முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருகின்றன. அந்த உறைகளுக்கும் போலி உண்டு என்பதால் உறையிலுள்ள எண்ணை அந்நிறுவனங்களின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளிக்காக வந்தவர், காசுக் கலையில் பயிற்சி பெறும் வரை இந்தப் பெட்டியைக் கண்ணால் மட்டும் பார்த்து மகிழ்வது நலம். ஆர்வம் பிறந்தால், 1946 முதல் வெளிவரும், ‘ரெட் புக்’ என்று எல்லாரும் அழைக்கும் யோமனின் வழிகாட்டி நூலை வாங்குவது எந்தக் காசை வாங்குவதையும்விடப் பயனுள்ள முதலீடு.

புதிய வெள்ளியில் மூன்று வகைகள் உள்ளன. முதலாவது அரசுக் காசு: 1986 முதல் அமெரிக்க அச்சுச்சாலை வெளியிடும் ‘சில்வர் ஈகிள்’ ஒரு ட்ராய் அவுன்ஸ் எடையும் ஆயிரத்தில் 999 பங்கு தூய்மையும் கொண்டது, கனடாவின் ‘மேப்பிள் லீஃப்’ காசோ பத்தாயிரத்தில் 9,999 பங்கு தூய்மை உடையது. முதலீட்டுக்கான ஈகிளை அச்சுச்சாலை பொதுமக்களுக்கு நேரடியாக விற்பதில்லை. அங்கீகரித்த மொத்த வணிகர் சிலருக்கே தருகிறது. கடைக்கு வருவதற்குள் ஒவ்வொரு கையிலும் விலை சற்று ஏறுகிறது. இரண்டாவது, தனியார் ஆலைகள் காசு வடிவில் அடிக்கும் ‘ரவுண்டு’. இது செலாவணி நாணயம் அன்று, ஆனால் எடையும் தூய்மையும் அதுவே. மூன்றாவது, ஒரு அவுன்ஸ் முதல் நூறு அவுன்ஸ் வரையிலான கட்டிகள். எடை கூடக்கூட அவுன்ஸுக்கான பிரீமியம் குறையும், ஆனால் பாதியை வெட்டி விற்க முடியாது. அதிக வெள்ளி வேண்டும் என்பவருக்கு ரவுண்டும் பத்து அவுன்ஸ் கட்டியும் ஏற்றவை. எங்கு விற்றாலும் கேள்வியின்றிப் போக வேண்டும் என்பவருக்கு ஈகிள் ஏற்றது.

போலியைக் கண்டறிய, நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சிறு தராசும் விட்டம் அளக்கும் காலிப்பரும் முதல் துணை. ஈகிள் 31.103 கிராம் எடையும் 40.6 மில்லிமீட்டர் விட்டமும் உடையது. எடை சரியாக இருந்து தடிமன் கூடியிருந்தால், உள்ளே அடர்த்தி குறைந்த வேறு உலோகம் இருப்பதாகவே கொள்ள வேண்டும். வெள்ளியைக் காந்தம் இழுப்பதில்லை. வலிமையான நியோடிமியம் காந்தத்தைச் சாய்த்துப் பிடித்த வெள்ளிக் கட்டியின் மேல் விட்டால், அது சட்டென்று விழாமல் மெல்ல வழுக்கி இறங்கும். மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகத்தின் அருகே காந்தம் நகரும்போது எழும் சுழல் மின்னோட்டம் அதை எதிர்த்துத் தடுப்பதே காரணம். செம்பும் ஏறக்குறைய இப்படியே நடந்துகொள்ளும் என்பதால் இந்தச் சோதனை மட்டும் போதாது. எடை, அளவு, காந்தம் மூன்றும் ஒத்துவர வேண்டும். பல கடைகளில் உறையைப் பிரிக்காமலே உலோகத்தின் மின்கடத்தலை அளக்கும் கருவி இருக்கும். வாங்குபவர் கண்முன்னே அதில் வைத்துக் காட்டும்படி கேட்பது தவறாகாது.

கடையைத் தேர்ந்தெடுப்பதில், 1891இல் தொடங்கிய அமெரிக்க நாணயவியல் சங்கத்தில் உறுப்பினராக உள்ள வணிகர்கள் அதன் நெறிமுறைக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது ஓரளவு பாதுகாப்பு. அதைவிட, இரண்டு மூன்று கடைகளில் ஒரே நாளில் ஒரே பொருளுக்கு விற்கும் விலையையும் வாங்கும் விலையையும் கேட்டுக் குறித்துக்கொள்வது நன்கு வழிகாட்டும். அட்டையில் செலுத்தினால் சில விழுக்காடு கூடுதலாகக் கேட்பது வழக்கம். ரொக்கத்துக்கு விலை குறையும். பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்ட ரொக்க வணிகத்தை வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது கடைக்காரரின் சட்டக் கடமை. விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், அதையும் சேர்த்தே பிரீமியத்தைக் கணக்கிட வேண்டும்.

வெள்ளி நிதானமான உலோகம் அன்று. அமெரிக்கச் செல்வந்தர்களான ஹண்ட் சகோதரர்கள் பெருமளவில் வாங்கிக் குவித்ததால் 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை எட்டிய விலை, அதே ஆண்டு மார்ச் 27 அன்று 11 டாலருக்கும் கீழே சரிந்தது. 2011இல் மறுபடி 49 டாலர் வரை ஏறி, 2020 மார்ச்சில் 12 டாலருக்குக் கீழே இறங்கி, 2025 அக்டோபரில்தான் 50 டாலரைத் தாண்டியது. உச்சத்தில் மொத்தமாக வாங்கியவர்கள் ஒரு தலைமுறைக் காலம் காத்திருந்தார்கள். மாதந்தோறும் சிறு தொகைக்கு வாங்குவதும், வீட்டுச் செலவுக்கும் கடனுக்கும் உரிய பணத்தைத் தொடாமல் இருப்பதும் அதனால்தான் வலியுறுத்தப்படுகின்றன.

வாங்கிய காசை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். கந்தகம் பட்டுக் கறுத்தாலும் தேய்த்துத் துலக்கக் கூடாது, ஏனெனில் துலக்கிய கீறல்கள் சேகரிப்பு மதிப்பை அழித்துவிடும். பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பச்சைப் பிசினைக் கசியவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். வாங்கிய நாள், எடை, கொடுத்த விலை ஆகியவற்றை ரசீதோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது அவசியம். அமெரிக்க வரிச் சட்டம் வெள்ளியைச் சேகரிப்புப் பொருளாகக் கருதி, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற ஆதாயத்துக்கு 28 விழுக்காடு வரை மத்திய வரி விதிக்கிறது. வாங்கிய விலையைக் காட்ட முடியாதவருக்கு அந்த வரி சுமையாகும். இறந்தவரின் அலமாரியில் கிடைத்த காசுப் பெட்டியை, உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமலே பிள்ளைகள் முதலில் கண்ட கடையில் கொடுத்துவிட்டு வருவது அங்கே அடிக்கடி நடக்கிறது. வெள்ளி வாங்குகிறவர்கள் அந்தக் குறிப்பேடு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்காவது இன்றே சொல்லி வைக்க வேண்டும்.