கிராம சுகாதாரமும் கல்லூரி மாணவர்களின் கிராமப் பயிற்சியும்

விவசாயக் கல்லூரிகளில் கடைசி ஆண்டு படிக்கும் மாணவ மாணவியர் சிறு குழுக்களாகக் கிராமங்களில் வந்து தங்குவதும், வயல்களைச் சுற்றிப் பார்ப்பதும், ஊராரைக் கூட்டித் தெருவிலே கோலப்பொடியால் ஊரின் படத்தை வரையச் சொல்வதும் இப்போது பல இடங்களில் காணக்கூடிய காட்சியாயிருக்கின்றன. இதைக் கண்டு சிலர், “இதுவும் ஒரு கணக்கெடுப்புப் போலும், வரி ஏறுமோ, மானியம் குறையுமோ” என்று ஐயுறுகிறார்கள். வேறு சிலர், “பிள்ளைகள் மார்க்கு வாங்குவதற்காக ஏதோ செய்கிறார்கள், நமக்கென்ன?” என்று ஒதுங்கிப் போகிறார்கள். இவ்விரு சாராரும் தங்கள் ஊருக்கு எளிதில் கிடைக்கக்கூடிய ஒரு நன்மையை இழந்துவிடுகிறார்கள். இப்பயிற்சி எத்தகையது, கிராமத்தின் தேக சுகத்துக்கு அது எவ்வாறு உதவக்கூடும், நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அதில் செய்யவேண்டியவை எவை என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயிற்சியின் வரலாறு

நம் மாநிலத்தில் விவசாயக் கல்வி 1868ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் ஒரு பள்ளியாகத் தொடங்கிற்று. பின்னர் 1906இல் அது கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டுக் கல்லூரியாக வளர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகமாயிற்று. வகுப்பறையிலும் கல்லூரிப் பண்ணையிலும் மட்டும் கற்றவர் குடியானவரின் கஷ்ட நஷ்டங்களை அறியமாட்டார் என்பதை உணர்ந்து, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ரந்தாவா குழு 1992இல், மாணவர்கள் கிராமத்தில் தங்கி வேலை கற்கவேண்டுமென்று பரிந்துரைத்தது. அதுவே கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டம் எனப்படுவது.

வைத்திய மாணவர்களுக்கும் இதை ஒத்த ஓர் ஏற்பாடு 2022இல் வந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்துக்கொண்டு, தம் படிப்புக் காலத்தில் அவர்களுடைய தேகநிலையை அவ்வப்போது கவனித்துவர வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டது. ஆகவே, பயிரைக் கற்கும் மாணவரும் உடலைக் கற்கும் மாணவரும் ஒரே ஊருக்கு வரக்கூடிய காலம் இது.

ஊரின் படம்

உதாரணமாக, சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையத்தில் இத்தகைய குழு ஒன்று வந்து தங்குவதாக வைத்துக்கொள்வோம். மாணவர்கள் முதலில் செய்வது ஊர்ப்படம். இதை வரைகிறவர் மாணவர் அல்லர், ஊராரே. கோவில் முன்னோ, பள்ளி முற்றத்திலோ கோலப்பொடி, செங்கற்பொடி, இலை, கல் முதலியவற்றைக் கொண்டு தெருக்களையும் ஏரியையும் கிணறுகளையும் குப்பைக் குழிகளையும் கழிப்பிடங்களையும் குறிக்கிறார்கள். ஒருவர் பிழையாக வைத்த கல்லை மற்றொருவர் நகர்த்திச் சரிசெய்வார். எழுத்தறியாதவரும் இதில் பங்கு பெறலாம் என்பதே இதன் சிறப்பு. இவ்வாறு ஊராரே தம் நிலையைத் தாமே ஆராயும் முறை இந்தியாவில் 1990ஆம் ஆண்டையொட்டிப் பரவிற்று. இதை உலகறியச் செய்தவருள் ஒருவரான ராபர்ட் சேம்பர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், 1970களில் நம் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஆராய்ச்சி செய்தவராவார்.

அடுத்தது பருவ அட்டவணை. பன்னிரண்டு மாதங்களுக்கும் பன்னிரண்டு கட்டங்கள் இட்டு, மழை, விதைப்பு, மருந்து தெளிப்பு, அறுவடை, கூலி, கடன், நோய் ஆகியவற்றை வரிசை வரிசையாகப் புளியங்கொட்டைகளால் காட்டுவார்கள். எந்த மாதத்தில் எது மிகுதியோ அங்கே கொட்டைகள் மிகுதி. இன்னொன்று, ஊரைக் குறுக்கே நடந்து காணுதல்: மேட்டு நிலத்திலிருந்து பள்ளம் வரை குடியானவர் ஒருவரோடு நடந்து, மண், நீர், மரம், வடிகால் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது. கல்வராயன் மலைக் கிராமங்களில் இந்நடை, நோயாளியைச் சாலைக்குக் கொண்டுசேர்க்க எத்தனை நாழிகை ஆகிறது என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

படம் வரைவதால் நோய் தீருமா என்று கேட்கலாம். லண்டன் நகரத்தில் 1854ஆம் ஆண்டு பிராட் தெருவில் காலரா கண்டபோது, ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர், மரணங்கள் நேர்ந்த வீடுகளை விசாரித்தறிந்து, அவை ஒரு குறிப்பிட்ட தண்ணீர்க் குழாயைச் சூழ்ந்து நிற்பதைக் கண்டார். அவர் சொற்படி அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னர் அவர் இவ்விவரத்தைத் தெருப்படத்தில் குறித்து வெளியிட்டார். காலராக் கிருமியை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளாத அந்நாளிலே, எங்கே நோய், எங்கே நீர் என்று சேர்த்துப் பார்த்ததே வழிகாட்டிற்று. நம் தெருக் கோலத்திலும் அதே யுக்தி அடங்கியிருக்கிறது.

மருந்தென்னும் நஞ்சு

மக்காச்சோளம் பயிரிடுவோர் படைப்புழுவை நன்கறிவர். 2018இல் இந்நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்ட இப்புழு குருத்துக்குள் ஒளிந்து தின்பதால், மருந்தைக் குருத்திலேயே படும்படி தெளிக்கவேண்டியிருக்கிறது. பயிர் ஆள் உயரம் வளர்ந்தபின் தெளித்தால், சாரல் தெளிப்பவரின் முகத்திலும் மார்பிலும் படிகிறது. பருவ அட்டவணையில் தெளிப்பு வரிசையும் நோய் வரிசையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒரே மாதத்தில் இரண்டிலும் கொட்டைகள் குவிந்திருந்தால், தலைவலி, வாந்தி, கண்ணெரிச்சல் என்று கூலியாட்கள் சொல்வதற்குக் காரணம் வெயில் மட்டுமன்று என்பதை நிலமுடையவர் ஆலோசிக்கவேண்டும்.

நாம் பேச்சில் ‘மருந்து’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அது நஞ்சு. டப்பாவின் சீட்டில் சாய்சதுரமான ஓர் அடையாளம் உண்டு. அதன் கீழ்ப்பாதி சிவப்பாயின் மிகமிகக் கொடிய நஞ்சு, மஞ்சளாயின் மிகக் கொடிய நஞ்சு, நீலமாயின் மிதமானது, பச்சையாயின் சற்றே நஞ்சுள்ளது. பச்சை என்பதால் அபாயமே இல்லையென்று கொள்ளலாகாது. மகாராஷ்டிரத்தில் யவத்மால் ஜில்லாவில் 2017ஆம் ஆண்டு பருத்திக்கு மருந்து தெளித்த குடியானவரும் கூலியாட்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பதை மனத்திற்கொள்ளவேண்டும்.

கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை, சோப்பு ஆகியவற்றைக் கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை. வெறும் வயிற்றோடு தெளிக்க விடலாகாது. காற்றை எதிர்த்தும் உச்சி வெயிலிலும் தெளிக்கலாகாது. அடைத்த முனையை வாயால் ஊதலாகாது. மிஞ்சிய மருந்தைக் குடிதண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது. மயக்கமோ வாந்தியோ கண்டால், உடனே நனைந்த உடையைக் களைந்து, தோலைச் சோப்பிட்டுக் கழுவி, 108 வண்டியை அழைக்கவேண்டும். நினைவற்றவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருந்து டப்பாவையும் உடன் கொண்டுபோனால், வைத்தியருக்குச் சிகிச்சையைத் தீர்மானிப்பது எளிதாகும்.

குடிதண்ணீர்க் கிணறு

ஊர்ப்படத்தில் அடுத்துக் காணவேண்டியது, கிணற்றுக்கும் கழிப்பிடக் குழிக்கும் எருக்குழிக்கும் உள்ள தூரம். ஐம்பது அடியேனும், அதாவது சுமார் 15 மீட்டரேனும், இடைவெளி இருத்தல் நலம். கிணறு பள்ளத்திலும் குழி மேட்டிலும் இருக்குமாயின் அத்தூரமும் போதாது. இடத்தை மாற்ற இயலாதபோது, கிணற்று வாயைச் சுற்றிச் சுவரும் மேடையும் வடிகாலும் அமைத்து, நீரைப் பிளீச்சிங் பொடியால் சுத்தி செய்யவேண்டும்.

கணக்கு எளிது. வட்டக் கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 785 என்னும் எண்ணாலும் பெருக்கினால், நீர் எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். விட்டம் 4 மீட்டர், நீர் ஆழம் 3 மீட்டர் ஆனால், 37,680 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பொடி சுமார் 2.5 கிராம் வீதம், ஏறக்குறைய 94 கிராம் தேவை. கலங்கிய நீருக்கு இன்னும் மிகுதியாக வேண்டும். ஒரு வாளியில் 100 கிராமுக்கு மேற்படாமல் பொடியையிட்டுச் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பின் முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, ஐந்து முதல் பத்து நிமிஷம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் வடித்து, கிணற்று நீருக்குள் இறக்கி, வாளியை மேலும் கீழும் பலமுறை அசைக்கவேண்டும். ஒரு மணி நேரம் கழிந்தபின் நீரை எடுக்கலாம். அப்போது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்பதைக் கிராம சுகாதார செவிலியரைக் கொண்டோ, வைத்திய மாணவரைக் கொண்டோ பரிசோதித்துக்கொள்வது உத்தமம். இந்த அளவும் கணக்கும் மாணவரும் ஊராரும் சேர்ந்து ஒரே காலைப் பொழுதில் கற்றுக்கொள்ளக் கூடியவை.

மறைப்பதால் வரும் கேடு

படம் உண்மையைச் சொல்லவேண்டுமாயின் அதை வரைபவர் உண்மையைச் சொல்லவேண்டும். ஊர்ப் பெரியவர்கள் சூழ்ந்து நிற்கும்போது கூலியாட்கள் வாய் திறப்பதில்லை. ஆடவர் நடுவே பெண்கள் பேசுவதில்லை. தண்ணீர் சுமப்பவர் பெண்களாயிருக்க, கிணறுகளைக் குறிப்பவர் ஆடவராயிருந்தால் அப்படம் எங்ஙனம் சரியாகும்? குடியிருப்புகளுள் ஒன்று படத்திலிருந்து விடுபட்டால், அங்குள்ள நோயும் கணக்கில் விடுபடும். நோய்க்கோ தெரு வேற்றுமை இல்லை.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை இம்மாவட்டத்தார் எவரும் மறவார். எந்த ஊரிலாயினும், கெட்ட பண்டம் விற்கும் இடத்தை மரியாதை கருதியோ அச்சங் கருதியோ படத்தில் குறிக்காமல் விட்டால், அந்த ஊர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டதாகும்.

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் செய்யவேண்டியவை

முதலாவது, மாணவர்கள் தங்கவும் கூட்டங் கூடவும் இடவசதி செய்துகொடுத்தல். மாணவியர் வந்தால் அவர்களுக்கேற்ற பாதுகாப்பான இடம் அவசியம்.

இரண்டாவது, ஆடவர், பெண்கள், கூலியாட்கள் ஆகியோரைத் தனித்தனியே கூட்டிப் படம் வரையச் சொல்லி, பிறகு ஒப்பிட்டுப் பார்த்தல். கூலியாட்கள் வருவதற்காக அரை நாள் வேலையை நிறுத்த நேர்ந்தால், அந்நாட் கூலியைப் பிடித்துக்கொள்ளாதிருத்தல் பெரியோருக்கு அழகு.

மூன்றாவது, நகல். தெருவில் வரைந்த படம் மாலையில் ஆட்டுக்குட்டிகளின் காலிலும் மறுநாள் மழையிலும் அழிந்துபோகும். மாணவர் காகிதத்தில் எழுதிக்கொண்டதோ பரீட்சைக்காகக் கல்லூரிக்குச் சென்றுவிடும். ஊருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகையால், குழு புறப்படுமுன் ஊர்ப்படம், பருவ அட்டவணை ஆகியவற்றின் நகலை ஊராட்சி அலுவலகத்திலும், கிராம நிர்வாக அலுவலரிடத்தும், பள்ளியிலும் ஒவ்வொன்று வைக்கும்படி கேட்டுப் பெறவேண்டும். நோயுற்றவர் பெயர்களை அதில் எழுதலாகாது.

நான்காவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபைக்கு உரியவை. இவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். படத்தை அன்று சபையில் விரித்துவைத்து, மூன்று குறைகளை மட்டும் தேர்ந்து, எது எப்பொழுது யாரால் முடிக்கப்படும் என்று தீர்மானம் எழுதவேண்டும். முப்பது குறைகளை எழுதினால் ஒன்றும் நடவாது.

ஐந்தாவது, அடுத்த ஆண்டு வரும் குழுவின் கையில் முந்தின படத்தைக் கொடுத்தல். ஒவ்வோராண்டும் முதலிலிருந்து தொடங்குவதைவிட, சென்ற ஆண்டு குறித்த எருக்குழி நகர்ந்ததா, தெளிப்பு மாதத்து நோய்க் கொட்டைகள் குறைந்தனவா என்று பார்ப்பதே மாணவருக்கும் நல்ல கல்வி, ஊருக்கும் நல்ல கணக்கு.

மாணவர் சில வாரங்கள் தங்கிப் போய்விடுவர். அவர்கள் பெறும் மதிப்பெண் அவர்களுக்கே உரியது. ஆனால் கிணறும் வயலும் அவற்றை நம்பியிருக்கும் மக்களும் ஊருக்கே உரியவர்கள். விதையைக் கொண்டுவந்து கொடுப்பவர் வேறு, விதைத்துக் காப்பவர் வேறு என்பதைக் குடியானவருக்கு எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. தங்கள் ஊருக்கு இவ்வாண்டு மாணவர் குழு வருமாயின், வாசகர்கள் முதல் நாளே அவர்களைச் சந்தித்து, படத்தின் நகல் ஒன்று ஊருக்கு வேண்டுமென்று கேட்டுக்கொள்வார்களாக.