காளிகாட் சிந்தூரமும் சிங்ரிக் குழம்பும்

காளிகாட் கோயிலுக்குப் போகும் சந்தில் இருபுறமும் கடைகள்: சங்கு வளையல், ஆல்தா, குவியல் குவியலாகச் சிந்தூரம். செவ்வாய், சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். லேக் மார்க்கெட்டுக்கு வரும் நம்மவர்களும் அம்மனைத் தரிசித்து, ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதுண்டு.

சிலருக்கு இரண்டு நாள் கழித்து வகிட்டில் அரிப்பெடுக்கிறது, நெற்றி கறுக்கிறது. தெய்வக் குற்றமோ என்று கலங்குவாரும் உண்டு. கலங்க வேண்டாம். மலிவான குங்குமத்தில் சேரும் சுடான் 1 போன்ற சாயங்களைச் சிலர் உடல் ஏற்பதில்லை. வெள்ளை அணுக்கள் மெல்லத் திரண்டு வந்து தாக்குவதால்தான் இந்தத் தாமதம். முதுகில் மருந்துப் பட்டை ஒட்டி, 2 நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தால் எந்தச் சாயம் குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

சிங்ரி எனப்படும் இறால் விஷயம் வேறு. தின்ற சில நிமிஷங்களிலேயே காணாக்கடி போல் உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம். முன்பு தின்றபோதே உடல் அதற்கு எதிராக ஐ.ஜி.இ. என்ற பொருளை உண்டாக்கி, மாஸ்ட் செல்களின் மேல் பதித்து வைத்திருக்கும். மறுமுறை இறால் உள்ளே போனதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டிவிடுகின்றன. ஈரமான மெத்தையில் வளரும் தூசிப் பூச்சியிலும் இறாலிலுள்ள புரதத்தைப் போன்ற ஒன்று உண்டு. ஆகவே இறாலைத் தொட்டறியாதவருக்கும் முதல் கவளத்திலேயே தொல்லை வரலாம்.

'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ல் படைத்தவர் வியன்னா டாக்டர் பிர்க்கே. 1963-ல் கெல், கூம்ஸ் என்ற பிரிட்டிஷ் நிபுணர்கள் இதனை 4 வகையாகப் பிரித்தனர். இறால் முதல் வகை, சிந்தூரம் நான்காவது. பொருந்தாத ரத்தம் ஏற்றுவதால் வரும் கேடு இரண்டாவது. குதிரைச் சீரம் ஏற்றிய பல நாட்களுக்குப் பின் வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் மூன்றாவது.

முதல் வகையில் உயிருக்கு உடனடி ஆபத்து வரலாம். இறால் மட்டுமல்ல, பெனிசிலின் ஊசி, குளவிக் கொட்டு ஆகியவையும் இதைச் செய்யும். தடிப்போடு மூச்சுத் திணறல், குரல் கம்மல், மயக்கம் வந்தால் அவில் மாத்திரையை விழுங்கிவிட்டு மெஸ் கட்டிலில் காத்திருப்பது பெரும் தவறு. அப்போது உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே. மூச்சுத் திணறினால் உட்காரலாம்; மயக்கமானால் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். நடக்க வைக்காமல் டாக்சி பிடித்து பி.ஜி. ஆஸ்பத்திரி போன்ற பெரிய மருத்துவமனையின் எமர்ஜென்சிக்குக் கொண்டுபோக வேண்டும். சற்றுத் தெளிந்ததும் திரும்பிவிடக் கூடாது. சில மணி நேரத்தில் மறுபடி வரலாம்.

எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை வங்காளியிலும் ஆங்கிலத்திலும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். நினைவு தப்பிய நேரத்தில் பாஷை தெரியாத ஊரில் அந்தச் சீட்டுத்தான் நமக்காகப் பேசும்.