டயர் மாறினால் மீட்டர் மாறும்

ஹவுரா ரயில் நிலையத்தில் இறங்கி, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் பக்கம் போக மஞ்சள் டாக்சி பிடிக்கிறீர்கள். அதே வழியில், அதே நெரிசலில் இன்னொரு டாக்சியும் கூடவே வருகிறது. இரண்டு வண்டியின் மீட்டருக்கும் அரசு முத்திரை இருக்கிறது, யாரும் அதில் கை வைக்கவில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே தொகையைக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரு வண்டியில் புது டயரும் மற்றதில் தேய்ந்து மொட்டையான டயரும் இருந்தால், மொட்டை டயர் வண்டியில் வந்தவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருப்பார்.

காருக்கு ஆசை ஆசையாகப் பெரிய டயர் போட்டவர் வேகக் கேமராவில் சிக்கிக்கொள்வதற்கும் இதே காரணம்தான். ஸ்பீடோமீட்டரும் டாக்சி மீட்டரும் சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று மட்டுமே அவற்றுக்குத் தெரியும். ஒரு சுற்றுக்கு வண்டி எவ்வளவு தூரம் நகரும் என்பதைக் கார் கம்பெனி முன்கூட்டியே கணக்கிட்டு உள்ளே வைத்துவிடுகிறது. அந்தக் கணக்கு குறிப்பிட்ட ஒரு டயர் சைஸை நம்பிப் போட்டது. ஜவுளிக்கடைக்காரர் அளவுகோலை மாற்றிவிட்டு எண்ணிக்கையை மட்டும் சரியாகச் சொன்னால் துணி எப்படிக் கூடும், குறையும்? அதேதான் இங்கும் நடக்கிறது.

இந்த விஷயத்தைப் பேச கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அம்பாசடர் கார் உருவான இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை இருந்த உத்தர்பாரா, ஹூக்ளி மாவட்டத்தில் இருக்கிறது. 1936-ல் தொடங்கிய டன்லப் டயர் ஆலையின் சாகாகஞ்சும் அதே மாவட்டம்தான். வண்டியும் டயரும் ஒரே ஆற்றங்கரையில் பிறந்தன. அம்பாசடருக்கு 5.90-15 என்ற ஒரு சைஸ் டயர்தான் எல்லோருக்கும் தெரியும். 15 அங்குல ரிம், 5.90 அங்குல அகலம். தரையிலிருந்து அளந்தால் சுமார் 65 சென்டிமீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் சொச்சம். வண்டி ஒன்று, டயர் ஒன்று என்றிருந்த அந்தக் காலத்தில் மீட்டர் தவறுவதற்கு வாய்ப்பும் குறைவு. உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. இன்று டயர் கடைக்குப் போனால் ஒரே காருக்கு நான்கைந்து சைஸை எடுத்து வைக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய அம்பாசடரில் இந்த எண்ணிக்கை எப்படி நடந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். கியர்பாக்ஸின் பின்முனையில் ஒரு சிறிய பல்சக்கரம். அதிலிருந்து உறைக்குள் சுழலும் கம்பி ஒன்று டாஷ்போர்டு வரை வரும். மெக்கானிக்குகள் அதை ஸ்பீடோமீட்டர் கேபிள் என்பார்கள். கேபிளின் மறுமுனையில் ஒரு காந்தம், அதைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் மின்சுழல்கள் உண்டாகி, கிண்ணத்தையும் சேர்த்து இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுத்து நிறுத்தும். இழுப்புக்கும் தடுப்புக்கும் இடையே முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் உலகம் முழுக்க இதை வைத்துத்தான் கார் ஓட்டினார்கள். பழைய டாக்சி மீட்டர்களுக்கும் சுழற்சி இப்படிக் கேபிள் வழியாகத்தான் வந்தது. இன்றைய கார்களில் கேபிள் இல்லை. சக்கரத்தருகே உள்ள சென்சார் மின்துடிப்புகளை அனுப்ப, கணினி அவற்றை எண்ணுகிறது. கருவி மாறியதே தவிர, எண்ணப்படுவது அன்றும் இன்றும் சுற்றுகள்தான்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும், மீதி பள்ளிக்கூடக் கணக்கு. ஆல்டோ 800 காரின் டயரில் 145/80 ஆர் 12 என்று இருக்கும். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம், அதாவது 116 மில்லிமீட்டர். 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 12 அங்குலம் 304.8 மில்லிமீட்டர். மேலும் கீழும் பக்கச்சுவர் உண்டு என்பதால் 232 சேர்த்தால் மொத்த விட்டம் 536.8 மில்லிமீட்டர்.

இந்தக் காருக்கு 13 அங்குல ரிம் போட்டு, 145/80 ஆர் 13 டயரை மாட்டுகிறார் ஒருவர். விட்டம் 562.2 மில்லிமீட்டர் ஆகிறது. வித்தியாசம் ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு சுற்றில் வண்டி 4.7 சதவீதம் கூடுதலாக நகர்கிறது. பழைய டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 593 முறை சுற்றியது, புதியது 566 முறைதான் சுற்றும். முள் 60-ல் நிற்கும்போது மீட்டர் நம்பும் வேகத்தைவிட வண்டி கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். முள் 80 காட்டினால் வித்தியாசம் 4-ஐ நெருங்கும்.

பாரம் ஏறியதும் டயர் கொஞ்சம் அமுங்கும், அதனால் உண்மையில் உருளும் சுற்றளவு இந்தக் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இரண்டு டயரும் அதேபோல் அமுங்குவதால் விகிதம் பெரிதாக மாறாது. கடையில் நின்றுகொண்டு போடும் கணக்குக்கு இது போதும்.

சைஸை மாற்றவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மாருதி கம்பெனியே ஸ்விஃப்ட் காருக்கு இரண்டு சைஸ் தந்திருக்கிறது. குறைந்த விலை வகைகளுக்கு 165/80 ஆர் 14, உயர்ந்த வகைகளுக்கு 185/65 ஆர் 15. முதலாவதின் விட்டம் 619.6 மில்லிமீட்டர், இரண்டாவதின் விட்டம் 621.5. ரிம் ஓர் அங்குலம் பெரிதாகியும் மொத்த விட்டம் 2 மில்லிமீட்டர்கூட மாறவில்லை. ரிம் பெருத்த அளவுக்குப் பக்கச்சுவரைக் குறைத்துவிட்டார்கள். அலாய் வீல் போட ஆசைப்படுகிறவர்கள் பின்பற்ற வேண்டிய வழி இதுதான். மொத்த விட்டத்தின் மாற்றம் 3 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று டயர்க்காரர்கள் சொல்வது பழகிய கணக்கு. என்னைக் கேட்டால் ஒரு சதவீதத்தைத் தாண்டும் முன்பே யோசிக்க வேண்டும். காரணம், தேய்மானமும் பாரமும் தங்கள் பங்குக்கு மீட்டரை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டாமா?

கொல்கத்தாவில் பெரிய டயருக்கு ஆசை வருவதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. ஒரு நல்ல மழை பெய்தால் காலேஜ் ஸ்ட்ரீட், ஆம்ஹர்ஸ்ட் ஸ்ட்ரீட் பகுதிகளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. வண்டி சற்று உயர்ந்தால் தப்பிக்கலாம் என்று மல்லிக் பஜாரின் பழைய உதிரிபாகக் கடைகளில் ரிம் தேடுகிறார்கள். அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனால் டயரின் விட்டம் ஓர் அங்குலம் கூடினால் வண்டி உயர்வது அரை அங்குலம்தான், ஏனென்றால் மீதி அரை அங்குலம் அச்சுக்கு மேலே போய்விடுகிறது. முழங்கால் தண்ணீருக்கு அரை அங்குலம் எந்த மூலைக்கு? அதற்கு விலையாக மீட்டர் தவறும், பிக்கப் மந்தமாகும், வளைவில் டயர் மட்கார்டில் உரசவும் கூடும்.

ஸ்பீடோமீட்டர் விஷயத்தில் சட்டம் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் விதி, உண்மையான வேகத்தைவிடக் குறைவாக முள் காட்டவே கூடாது என்கிறது. கூடுதலாகக் காட்டலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும், அதன்மேல் 4 கிலோமீட்டரும். அதாவது வண்டி 60-ல் போகும்போது முள் 70 வரை காட்டினாலும் விதிப்படி சரி. கம்பெனிகள் அந்த எல்லை வரை போவதில்லை. ஆனாலும் எந்தச் சூழலிலும் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்று சில கிலோமீட்டரைக் கூட்டியே வைக்கின்றன. பெரிய டயர் போட்டவுடன் பலருக்கு ஒன்றும் ஆகாததுபோல் தோன்றுவது இதனால்தான். கம்பெனி வைத்த அந்தப் பாதுகாப்பு இடைவெளியைப் புது டயர் தின்றுவிடுகிறது. அதையும் தாண்டினால் பார்க் சர்க்கஸிலிருந்து ஈ.எம். பைபாஸ் போகும் மா மேம்பாலம் போன்ற சாலையில், முள்ளை வரம்புக்குள் வைத்திருந்தும் அபராதச் சீட்டு வரலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவுப்படி காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய். என் மீட்டர் 60தான் காட்டியது என்ற பதில் அங்கே எடுபடாது. அபராதம்கூடப் போகட்டும். வேகம் கூடினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் அதைவிட வேகமாகக் கூடுகிறது. சாலையைக் கடக்கும் மனிதருக்கு நம் முள்ளின் கணக்கு தெரியாது.

ஓடோமீட்டரும் அதே சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. நாம் பார்த்த ஆல்டோ 50,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால் பெரிய டயரில் அது சுமார் 47,740 என்றுதான் பதிந்திருக்கும். ஆயில் மாற்றுவது தள்ளிப்போகும், விற்கும்போது வாங்குகிறவருக்குத் தெரியாமலே கிலோமீட்டர் குறைந்திருக்கும். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்த வண்டி திடீரென்று 19 கொடுப்பதாகத் தோன்ற, என்ஜினில் கோளாறு என்று மெக்கானிக்கிடம் போகிறவர்கள் உண்டு. பெட்ரோல் அதே அளவுதான் செலவாகியிருக்கும். தூரத்தைத்தான் மீட்டர் குறைத்து எண்ணியிருக்கும்.

இனி டாக்சிக்கு வருவோம், ஏனென்றால் அங்கே தவறின் திசை தலைகீழாக, பயணியின் பையை நோக்கித் திரும்புகிறது. புது டயரில் பட்டன் (தரையில் பதியும் ரப்பர் மேடுகள்) சுமார் 8 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்கு அனுமதிக்கும் குறைந்தபட்ச உயரம் 1.6 மில்லிமீட்டர். அதுவரை தேய்ந்தால் விட்டம் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் சுருங்கிவிடும், அதாவது 2 சதவீதம். சிறிய சக்கரம் அதிக முறை சுற்றும், மீட்டர் அதிக தூரம் எண்ணும். புது டயரோடு சோதித்து முத்திரை வைத்த மீட்டர், மொட்டை டயரில் 10 கிலோமீட்டர் சவாரியை 10 கிலோமீட்டர் 200 மீட்டர் என்று கணக்கிடும். சைஸ் குறைந்த டயரை மாட்டியிருந்தால் இன்னும் கூடும்.

கட்டணம் உயர்ந்த பிறகும் பழைய மீட்டர்கள் மாற்றப்படாத ஆண்டுகளில், மீட்டரில் தெரியும் தொகையை இரண்டால் பெருக்கி இரண்டு ரூபாய் சேர்த்துக் கொடுப்பது கொல்கத்தாவின் வழக்கமாக இருந்தது. பெருக்கினாலும் தவறின் சதவீதம் ஏறக்குறைய அதேதான். ஆனால் ரூபாய்க் கணக்கில் அது இரண்டு மடங்காகப் பயணியின் தலையில் விழுந்தது.

டாக்சி மீட்டர் என்பது தராசு போல, படி போல ஓர் அளவைக் கருவி என்றே 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் கருதுகிறது. அதனால்தான் அதைச் சோதித்து முத்திரை வைக்கிறார்கள். சர்வதேச சட்டமுறை அளவியல் அமைப்பின் டாக்சி மீட்டர் பரிந்துரை ஒரு படி மேலே போய், மீட்டரைத் தனியாகப் பார்க்காமல் அது பொருத்தப்பட்ட வண்டியையும் அதன் சக்கரச் சுற்றளவையும் சேர்த்தே கணக்கிடுகிறது. அதுதான் நேர்மையான அணுகுமுறை. மீட்டருக்கு முத்திரை வைத்துவிட்டு, அந்த அளவைத் தீர்மானிக்கும் டயரை அப்படியே விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. சோதனைச் சீட்டில் டயர் சைஸும் பட்டன் உயரமும் எழுதப்பட வேண்டும். ஓட்டுநரைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. டயரைக் கடைசி வரை ஓட்டுவது ஏமாற்றுவதற்காக அல்ல, வருமானம் அவ்வளவுதான்.

செல்போன் செயலி வழி வாடகைக் காரில் இந்தப் பிரச்சினை இல்லை. 2023-ல் மேற்கு வங்க அரசு கொண்டுவந்த யாத்ரி சாத்தி செயலியில் மஞ்சள் டாக்சிகளும் சேர்ந்தன. அங்கே தூரம் வரைபடத்திலிருந்து வருவதால் டயர் தேய்ந்தால் என்ன, பெரிதானால் என்ன!

டயரின் சிறு மாற்றத்தைக் கார்க் கணினி எவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. சில கார்களில் காற்று குறைந்தால் விளக்கு எரிவது, காற்றழுத்தத்தை நேராக அளந்து அல்ல. காற்றுக் குறைந்த சக்கரம் கொஞ்சம் சிறுத்து மற்ற மூன்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றுகிறது. ஏபிஎஸ் பிரேக் அமைப்பின் சக்கரச் சென்சார்கள் அந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடுகின்றன. ஒரு சக்கரத்துக்கு மட்டும் வேறு சைஸ் போடுவது ஏன் ஆபத்து என்பதும் இதிலிருந்தே விளங்கும்: அந்தச் சக்கரம் சறுக்குகிறது என்று கணினி நினைக்க இடமுண்டு. பல புதிய கார்களில் வரும் சிறிய ஸ்டெப்னிக்கு 80 கிலோமீட்டர் வேக வரம்பு எழுதியிருப்பார்கள். அதைப் பஞ்சர் கடை வரை போக மட்டும் பயன்படுத்த வேண்டும்.

உங்கள் மீட்டரை நீங்களே சோதிக்க முடியும். முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் கம்பெனி அனுமதித்த சைஸ்கள் இருக்கும். உங்கள் டயர் அதில் உள்ளதா என்று பாருங்கள். பிறகு நெரிசல் இல்லாத விடிகாலையில், டன்குனி தாண்டி துர்காபூர் எக்ஸ்பிரஸ் சாலை போன்ற ஒன்றில் முள்ளை 60-ல் நிறுத்தி ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் கிலோமீட்டர் கற்களுக்கு இடையே நேரம் பார்க்கட்டும். ஒரு கல்லில் தொடங்கி அடுத்த பத்து கற்களைக் கடக்கப் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனால் நல்லது, முள் கூட்டிக் காட்டுகிறது. பத்து நிமிடத்துக்குள் கடந்துவிட்டால் முள் குறைத்துக் காட்டுகிறது, எச்சரிக்கையாக இருங்கள். அதே பயணத்தில் ஓடோமீட்டரையும் பாருங்கள். ஓடோமீட்டரைக் கூட்டிக் காட்டச் சொல்லி விதி எதுவும் இல்லாததால் அது முள்ளைவிட நம்பகமான சாட்சி. இருபது கிலோமீட்டருக்கு அது 19.1 என்று காட்டினால், உங்கள் டயர் கம்பெனி நினைத்ததைவிட ஏறக்குறைய 5 சதவீதம் பெரியது.