கோப்புகளிலிருந்து அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியலை நீக்குதல் (சி நிரலாக்கம்)

அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் (ஏசிஎல்) என்பது ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்பதைப் பயனர் வாரியாகக் குறிக்கும் பட்டியல் ஆகும். யுனிக்சின் பழைய முறையில் உரிமையாளர், குழு, பிறர் என மூன்று பிரிவினருக்கு மட்டுமே அனுமதி வழங்க முடியும். தனி ஒருவருக்கு மட்டும் அனுமதி தர ஏசிஎல் உதவுகிறது. போசிக்ஸ் 1003.1இ என்னும் வரைவு இதற்கான செயற்கூறுகளை வரையறுத்தது. அவ்வரைவு பின்னர் கைவிடப்பட்டாலும், லினக்ஸ் அதையே பின்பற்றுகிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பதால் அதிலும் இதே முறைதான்.

இரு வகைகள்

1. அணுகல் பட்டியல்: கோப்புக்கும் கோப்புறைக்கும் உண்டு.
2. இயல்நிலைப் பட்டியல்: கோப்புறைக்கு மட்டும் உண்டு. அதனுள் புதிதாக உருவாகும் கோப்புகள் இதைப் பெறுகின்றன.

இயல்நிலைப் பட்டியலை நீக்குவது எளிது. ஏசிஎல்_டெலிட்_டெஃப்_ஃபைல் என்னும் செயற்கூறுக்குக் கோப்புறையின் பாதையைக் கொடுத்தால் போதும். வெற்றி எனில் 0, தோல்வி எனில் -1 திரும்பும். கோப்புறையில் ஏற்கெனவே உள்ள கோப்புகள் இதனால் மாறுவதில்லை.

அணுகல் பட்டியலை முழுவதும் நீக்க இயலாது. உரிமையாளர், குழு, பிறர் என்னும் மூன்று அடிப்படைப் பதிவுகள் எப்போதும் இருக்கும். எனவே நீக்குதல் என்பது கூடுதல் பதிவுகளை மட்டும் அகற்றுவதே.

முகமூடியும் அதனால் வரும் பிழையும்

கூடுதல் பதிவுகள் உள்ள பட்டியலில் முகமூடி (மாஸ்க்) என்றொரு பதிவும் இருக்கும். தனிப் பயனர்களுக்கும் குழுக்களுக்கும் கிடைக்கக்கூடிய அனுமதியின் உச்ச வரம்பு இது. அப்போது, அனுமதி எண்ணின் நடு இலக்கம் குழுவின் அனுமதியைக் காட்டுவதில்லை, முகமூடியைக் காட்டுகிறது.

திருவொற்றியூரில் ஒரு பள்ளிக் கணினி ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். மதிப்பெண் கோப்பின் குழு 'மாணவர்' என்க. அக்குழுவுக்கு எந்த அனுமதியும் இல்லை. ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் ஏசிஎல் வழியாகப் படிக்கவும் எழுதவும் அனுமதி உண்டு. முகமூடியின் மதிப்பு 6. கோப்பின் அனுமதி எண் 660 எனத் தெரியும்.

இந்த எண்ணை ஏசிஎல்_ஃப்ரம்_மோட் செயற்கூறுக்குக் கொடுத்துப் புதிய பட்டியல் அமைத்தால், 660 உண்மையாகிவிடும். மாணவர் அனைவரும் மதிப்பெண்ணைத் திருத்த முடியும்! பாதுகாப்புக்காகச் செய்த வேலையே பூட்டைத் திறந்துவிடும். இருக்க வேண்டிய எண் 600. சிமோட் கட்டளையும் தீர்வாகாது. அது முகமூடியை மாற்றுமே தவிர, பட்டியலை நீக்காது.

சரியான முறை

1. ஏசிஎல்_கெட்_ஃபைல் மூலம் பட்டியலைப் பெறுக.
2. ஏசிஎல்_கெட்_என்ட்ரி மூலம் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஏசிஎல்_கெட்_டேக்_டைப் மூலம் வகையை அறிக.
3. முகமூடியில் இல்லாத அனுமதி எதுவும் குழுப் பதிவில் இருந்தால் அதை நீக்குக. இல்லையேல் முகமூடி தடுத்து வைத்திருந்த அனுமதி குழுவுக்குக் கிடைத்துவிடும்.
4. தனிப் பயனர், தனிக் குழு, முகமூடி ஆகிய பதிவுகளை ஏசிஎல்_டெலிட்_என்ட்ரி மூலம் அகற்றுக.
5. ஏசிஎல்_வேலிட் மூலம் சரிபார்த்து, ஏசிஎல்_செட்_ஃபைல் மூலம் எழுதுக.
6. ஏசிஎல்_ஃப்ரீ மூலம் நினைவகத்தை விடுவிக்க.

நிரலைத் தொகுக்கும்போது லிப்ஏசிஎல் நூலகத்தை இணைக்க வேண்டும். கோப்பின் உரிமையாளரோ உரிய சிறப்புரிமை பெற்றவரோ மட்டுமே பட்டியலை மாற்ற முடியும். கட்டளை வரியில் செட்எஃப்ஏசிஎல் கட்டளையின் -பி விருப்பம் இதே பணியைச் செய்கிறது.

விண்டோசில்

விண்டோசில் பட்டியலே இல்லாத (நல்) நிலை அனைவருக்கும் முழு அனுமதி தரும். பதிவுகளற்ற வெற்றுப் பட்டியலோ எவருக்கும் அனுமதி தராது. எந்த இயங்குதளமானாலும், நீக்கிய பின் யாருக்கு என்ன அனுமதி எஞ்சுகிறது என்பதைச் சோதித்த பிறகே பணி முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.