கவுன்சிலிங்ல சீட் கிடைச்சாச்சு... அந்த முதல் 30,000 எங்கிருந்து வரும்?



போன வருஷம் ஜூலை மாசம். ஐடிஆர் சீசன், எங்க ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை. அப்போ ஹவுஸ்கீப்பிங் பார்க்கிற அக்கா என் டேபிள் பக்கத்துல வந்து நின்னு, "சார், அஞ்சு வட்டின்னா வருஷத்துக்கு எவ்ளோ சார் ஆகும்?"னு கேட்டாங்க.

"மாசம் நூத்துக்கு அஞ்சு ரூபாக்கா. வருஷத்துக்கு அறுபது. எதுக்கு?"

பொண்ணுக்கு பொறியியல் கவுன்சிலிங்ல சீட் கிடைச்சிருக்கு. குடும்பத்துலயே முதல் பட்டதாரி ஆகப் போறா. அந்தச் சலுகையில டியூஷன் ஃபீஸ்ல ஒரு பகுதி குறைஞ்சிடுச்சு. ஆனா மீதி ஃபீஸ், காலேஜ் பஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து சேரும்போதே 30,000 ரூபாய் கட்டணும். ஒரு வாரம்தான் டைம். தெருவுல ஒருத்தர் அஞ்சு வட்டிக்குத் தர்றேன்னு சொல்லியிருக்காராம்.

இப்போ நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. 30,000-க்கு அஞ்சு வட்டின்னா மாசம் 1,500 ரூபாய். அந்தப் பொண்ணு படிச்சது அரசு உதவி பெறும் பள்ளியில, தமிழ் வழி. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வரும். அதாவது, அரசாங்கம் படிக்கிறதுக்காகத் தர்ற பணம் முழுசும் அப்படியே வட்டிக்காரர் கைக்குப் போகும். அதுவும் பத்தாம அம்மா சம்பளத்துல இருந்து இன்னும் 500 போகும். அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

நம்ம ஊர்ல திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லைங்க. 2020-ல மருத்துவப் படிப்புக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு வந்தது. 2021-ல அது பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம்னு விரிஞ்சது. அந்த ஒதுக்கீட்டுல சேர்றவங்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ரெண்டையும் அரசே கட்டுது. பெண்களுக்குப் புதுமைப் பெண் 2022-ல, பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல. உயர்கல்வி சேர்க்கை விகிதம் 2021-22 கணக்குப்படி இந்தியா முழுக்க 28.4%, தமிழ்நாட்டுல 47%. பெருமைப்பட வேண்டிய நம்பர்தான்.

ஆனா 7.5% ஒதுக்கீடு பெரும்பாலும் ஆறாம் வகுப்புல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே படிச்சவங்களுக்குத்தான். நம்ம அக்கா பொண்ணு மாதிரி உதவி பெறும் பள்ளியில படிச்சா கிடையாது. அதுல ரெண்டு வருஷம் தெருமுனை பிரைவேட் ஸ்கூல்ல ஃபீஸ் கட்டிச் சேர்த்திருந்தாலும் கிடையாது. இன்னொண்ணு, ஸ்காலர்ஷிப் வர்றது சேர்ந்ததுக்கு அப்புறம், சில சமயம் ரொம்ப லேட்டா. காலேஜ் பணம் கேட்கிறது சேரும்போதே. பல பேரோட படிப்பு நின்னு போறது இந்த இடைவெளியிலதான்.

பேங்க் லோன் இருக்கே?

இருக்கு. அக்காவும் போயிருக்காங்க. எந்த பேங்க்னு சொல்ல வேண்டாம். "வீட்டுப் பத்திரம் இருக்கா?"ன்னு கேட்டு அனுப்பிட்டாங்க. வாடகை வீட்டுல இருக்கிறவங்ககிட்ட! 4 லட்சம் வரைக்குமான கல்விக் கடனுக்கு எந்த அடமானமும் கேட்கக் கூடாதுங்கிறது விதி. அதனால கவுண்டர்ல வாய்வார்த்தையா கேட்காம, வித்யாலட்சுமி போர்ட்டல்ல ஆன்லைனா அப்ளை பண்ண வைங்க. அப்போ அப்ளிகேஷனுக்கு ஒரு பதிவு இருக்கும். நிராகரிச்சா காரணத்தை எழுத்துல கேளுங்க. நீங்க ஒரு நாள் பெர்மிஷன் போட்டு அந்தக் குடும்பத்தோட பேங்க்குக்குப் போய் உட்கார்ந்தாலே பாதி வேலை முடியும். நான் போனேன். அதே மேனேஜர், அதே சேர், ஆனா பேசுற தொனி வேற. எனக்குக் கோபம்தான் வந்தது.

நாலு வருஷப் படிப்புக்கு வருஷம் ஒரு லட்சம்னு 4 லட்சம் வாங்குறாங்கன்னு வைங்க. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் இ.எம்.ஐ. கட்ட வேண்டாம். ஆனா தனிவட்டி ஓடும். 10%-ன்னு வைச்சா 50, 40, 30, 20 ஆயிரம்னு மொத்தம் 1.4 லட்சம். குடும்ப வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்து, தகுதியுள்ள தொழிற்கல்விப் படிப்பா இருந்தா, இந்தக் காலத்து வட்டியை மத்திய அரசு மானியமா தருது. வருமானச் சான்றிதழ் கொடுத்துக் கேட்கணும். கேட்காம விட்டா 1.4 லட்சம் போச்சு.

தம்பி, தங்கச்சிக்கு நீங்க லோன் எடுக்கிறீங்களா?

இது நம்ம வீடியோவுக்கு அடிக்கடி வர்ற கேள்வி. "சார், தங்கச்சி படிப்புக்கு என் பேர்ல லோன் எடுத்தேன், 80-ஈ கிடைக்குமா?" கிடைக்காதுங்க. 80-ஈ உங்களுக்கு, உங்க கணவன் அல்லது மனைவிக்கு, உங்க பிள்ளைகளுக்கு, நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்கு மட்டும்தான். உடன்பிறப்பு அந்த லிஸ்ட்ல இல்ல. லோன் தங்கச்சி பேர்லயே இருக்கட்டும், அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியா இருக்கட்டும். நாளைக்கு அவ வேலைக்குப் போய் கட்ட ஆரம்பிச்சா, பழைய வரிமுறையில எட்டு வருஷம் வரைக்கும் வட்டிக்கு அவளே கழிவு எடுத்துக்கலாம். உங்க சிபில்லயும் இந்தக் கடன் ஏறாது, உங்க வீட்டுக் கடன் தகுதியும் குறையாது.

தெரிஞ்ச பிள்ளைக்கு நேரடியா ஃபீஸ் கட்டினா 80-ஜி கிடைக்குமான்னும் கேட்பீங்க. அதுவும் கிடையாது. பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்து, அவங்க 10-பிஇ சான்றிதழ் தந்தா, அதுவும் பழைய வரிமுறையில இருந்தா மட்டும்தான். புது வரிமுறையில இருக்கிறவங்க இந்தக் கணக்கையே மறந்துடுங்க.

நாங்க என்ன பண்ணோம்?

ஆபீஸ்ல அஞ்சு பேர், ஆளுக்கு 6,000. வட்டி இல்லாத கைமாத்து. "தானமா வேண்டாம் சார், திருப்பித் தர்றேன்"னு அக்காதான் கண்டிப்பா சொன்னாங்க. காலேஜ் அக்கவுண்ட்டுக்கே நேரா அனுப்பினோம். புதுமைப் பெண் பணம் வர ஆரம்பிச்சதும் மாசம் 1,000 திருப்பித் தர்றதா பேச்சு. 30 மாசத்துல முடிஞ்சிடும். லோன் அப்புறமா சாங்ஷன் ஆச்சு, ஆனா அது வர்றதுக்குள்ள அட்மிஷன் தேதி முடிஞ்சிருக்கும்.

நான் ஏன் சி.ஏ. படிச்சேன்னு இண்டர்வியூல கேட்டா "ஆர்வம்"னு சொல்வேன். உண்மை என்னன்னா, எங்க வீட்டுல ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட முடியாது. சி.ஏ.ன்னா வீட்டுல இருந்தே படிக்கலாம், ஆர்ட்டிகிள்ஷிப்ல கொஞ்சம் ஸ்டைபெண்டும் வரும். எனக்கு அது நல்லபடியா முடிஞ்சது. கூடப் படிச்ச ரெண்டு பேரு இன்னும் அதே ஊர்ல அதே கடையிலதான் இருக்காங்க. மார்க் என்னைவிட அவங்க அதிகம்.

மாசம் 500 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போடுங்க, பன்னிரண்டு மாசத்துல 6,000 ஆயிடும். அடுத்த மே மாசம் ப்ளஸ் டூ ரிசல்ட் வரும்போது உங்க ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணன்கிட்டயும், மெஸ் அக்காகிட்டயும் ஒரு கேள்வி கேளுங்க: "பசங்க என்ன படிக்கப் போறாங்க?" முதல் பட்டதாரி சான்றிதழ், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூணுக்கும் இ-சேவையில ரிசல்ட்டுக்கு முன்னாடியே அப்ளை பண்ணச் சொல்லுங்க. கவுன்சிலிங் நேரத்துல அந்த சர்வர் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

அந்தப் பொண்ணு இப்போ மூணாவது செமஸ்டர். முதல் செமஸ்டர் மேத்ஸ்ல அரியர் வச்சா, ரெண்டாவதுல க்ளியர் பண்ணிட்டா. பணத்தைப் பொறுத்தவரைக்கும் இன்னும் 19 தவணை பாக்கி.