முதுகு வலியும் தொலைவழி மருத்துவமும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

நாட்டின் செல்வத்தை விளைவிப்பவர் குடியானவர். அக்குடியானவரின் முதற்செல்வமோ அவருடைய உடலே ஆகும். ஏர் பழுதுற்றால் கொல்லரிடம் கொண்டு செல்கிறோம். எந்திரம் பழுதுற்றால் அன்றைக்கே ஆளனுப்பி வரவழைக்கிறோம். ஆனால் முதுகில் வலி தோன்றினால் மட்டும், "எல்லோருக்கும் உள்ளதுதானே" என்று கூறி மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறோம். பொறுக்க முடியாத நிலை வந்த பிறகு, கடன் வாங்கிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே நல்ல வழியொன்று இப்பொழுது ஒவ்வொரு கிராமத்துக்கும் எட்டியிருக்கிறது. அதனை எப்படிப் பயன்படுத்துவது, எங்கே அதனை நம்பலாம், எங்கே நம்பிக் காத்திருக்கலாகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நோய் சிறியதென்று எண்ணிவிட வேண்டாம். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் கீழ்முதுகு வலியால் துன்புற்றதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. மனிதரை வேலை செய்ய இயலாதவராக்கும் காரணங்களுள் இதுவே முதலிடம் பெறுகிறது.

வலி ஏன் தோன்றுகிறது?

நமது முதுகுத்தண்டு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புக்கு மேலே 5 என முள்ளெலும்புகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கிடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. உடலின் பாரத்தையும், நாம் தூக்கும் சுமையின் பாரத்தையும் பெரும்பாலும் தாங்குவன கீழேயுள்ள ஐந்து எலும்புகளும் அவற்றைச் சூழ்ந்த தசைகளுமே. நாற்று நடுகையில் மணிக்கணக்கில் குனிந்திருப்பதும், 45 கிலோ யூரியா மூட்டையை இடுப்பை முறுக்கித் தூக்குவதும், மருந்து தெளிப்பானை முதுகில் சுமந்து வரப்பில் நடப்பதும், டிராக்டரின் ஓயாத அதிர்ச்சியும் இவ்விடத்தையே தாக்குகின்றன.

எனினும் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. கீழ்முதுகு வலி வந்தோரில் பத்துக்கு ஒன்பது பேரிடம் அதற்கெனத் தனிப்பட்ட கொடிய நோய் எதுவும் காணப்படுவதில்லை. புதிதாகத் தோன்றும் வலி பெரும்பாலோருக்கு ஆறு வாரங்களுக்குள் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே நமக்கு முதலில் வேண்டியது பெரிய எந்திரமன்று. நம் வலி அந்த ஒன்பதில் சேர்ந்ததா, எஞ்சிய ஒன்றில் சேர்ந்ததா என்று கேட்டறிந்து சொல்லக்கூடிய ஒரு மருத்துவரே.

தொலைவழி மருத்துவம் என்பது யாது?

நோயாளி ஓரிடத்திலும் மருத்துவர் வேறோரிடத்திலும் இருந்துகொண்டு, முகம் பார்த்துப் பேசிச் சிகிச்சை பெறும் முறையே தொலைவழி மருத்துவமாகும். நம் அண்டை மாநிலமாகிய ஆந்திரத்தில், சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் 2000ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 'இ-சஞ்சீவனி' என்னும் சேவை 2019 நவம்பரில் சுகாதார நிலையங்கள் வழியாகத் தொடங்கியது; 2020 ஏப்ரல் 13 முதல், வீட்டிலிருந்தபடியே மருத்துவரைக் காணும் பிரிவும் சேர்ந்தது. மொஹாலியிலுள்ள 'சி-டாக்' என்னும் அரசு நிறுவனம் இதனை உருவாக்கியது. இதற்குக் கட்டணம் எதுவுமில்லை.

இம்முறைக்கு விதிகளும் உண்டு. 2020 மார்ச் 25ஆம் நாள் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகளின்படி, பதிவுபெற்ற மருத்துவரே இவ்வாறு சிகிச்சை அளிக்கலாம். அவர் தம் பெயரைக் கூற வேண்டும். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருத்தல் வேண்டும். போதைத் தன்மையுள்ள வலிநீக்கிகளை இவ்வழியே எழுதித் தர இயலாது. நேரில் பார்த்தால்தான் முடிவு கூற முடியும் என்று மருத்துவர் கருதினால், அவ்வாறே சொல்லி அனுப்ப வேண்டியது அவர் கடமை. அதனை அலட்சியமென்று எண்ணி வருந்தலாகாது. அதுவும் ஒரு சிகிச்சையே.

இருவகை வழிகள்

முதலாவது, சொந்தக் கைப்பேசி வழி. இ-சஞ்சீவனி செயலியிலோ இணையதளத்திலோ கைப்பேசி எண்ணைக் கொடுத்தால், ஒருமுறை மட்டும் பயன்படும் இரகசிய எண் வரும். அதனை இட்டு, பெயர், வயது, நோயின் விவரம் ஆகியவற்றைப் பதிந்தால் வரிசை எண் கிடைக்கும். முறை வந்ததும் மருத்துவர் திரையில் தோன்றுவார். பேசி முடிந்ததும் மருந்துச் சீட்டைப் பதிவிறக்கிக் கொள்ளலாம்.

இரண்டாவது, சுகாதார நிலையத்தின் வழி. கைப்பேசி இல்லாதவரும், அதனைக் கையாளத் தெரியாதவரும் அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்துக்குச் செல்லலாம். அங்குள்ள ஊழியர் இரத்த அழுத்தம் முதலியவற்றைப் பார்த்து, தாமே மருத்துவரை அழைத்து, அருகிலிருந்து உதவுவார். வயது முதிர்ந்தோருக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் இதுவே சிறந்தது.

ஓர் எச்சரிக்கை. அரசின் சேவைக்குப் பணம் கேட்பவர் எவராயினும் அவர் ஏமாற்றுக்காரரே. இரகசிய எண்ணை எவருக்கும் சொல்லலாகாது.

முன்னேற்பாடுகள்

மருத்துவருடன் பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. ஆதலின் கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்க:

1. வலி எந்நாள் தொடங்கியது. அன்று என்ன வேலை செய்தோம்.
2. வலி முதுகோடு நிற்கிறதா, முழங்காலுக்குக் கீழும் இறங்குகிறதா. காலில் மரத்துப்போதல் உண்டா.
3. இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா. காய்ச்சலோ உடல் மெலிவோ உண்டா.
4. சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் ஆகியன உண்டா.
5. இதுவரை உண்ட மாத்திரைகள் யாவை. பெயர் தெரியாவிடில் அட்டையையே காட்டலாம்.

கைப்பேசியைச் சற்றுத் தொலைவில், உடல் முழுதும் தெரியுமாறு நிறுத்த வேண்டும். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். குனியவும், நுனிக்காலாலும் குதிகாலாலும் நடக்கவும் மருத்துவர் சொல்வார். படுத்துக் காலைத் தூக்கிக் காட்டச் சொல்வதும் உண்டு. எனவே உறவினர் ஒருவர் உடனிருப்பது நலம்.

மருத்துவர் கூறும் அறிவுரை

"ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லையே, இவர் என்ன டாக்டர்?" என்று குறைகூறுவோர் உண்டு. வலியே இல்லாதவரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் பலருக்கு வட்டு பிதுங்கியே காணப்படும். ஆகவே ஆபத்தான அறிகுறி இல்லாதபோது முதல் வாரங்களில் ஸ்கேன் எடுப்பது வீண் செலவையும் வீண் அச்சத்தையுமே தரும்.

நெடுநாள் படுக்கையில் கிடப்பதும் தவறு. கிடக்கக் கிடக்கத் தசைகள் தளரும். தாங்குமளவு நடமாடுதல், கடுஞ்சுமையைச் சில நாள் தவிர்த்தல், சொல்லிய உடற்பயிற்சிகளை நாள்தோறும் செய்தல் ஆகியவையே மருந்தினும் மேலானவை. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கென வெளியிட்ட நெறிமுறைகளும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கின்றன. இடுப்புப் பட்டை, எடை கட்டி இழுத்தல் ஆகியவற்றை வழக்கமாகக் கையாள வேண்டாமென்கின்றன. இதை எழுதும் யானும் ஜீப் பயணத்தால் வந்த முதுகு வலிக்காக இரண்டாண்டுக் காலம் பட்டை கட்டிக்கொண்டு திரிந்தவனே. பட்டையைக் கழற்றிவிட்டுக் காலையில் அரைமணி நேரம் நடக்கத் தொடங்கிய பின்னரே நலம் கண்டேன்.

வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் உண்பது கொடிய பழக்கம். வெயிலில் வியர்த்து, நீர் குறைவாக அருந்தி உழைப்பவருக்கு அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றில் புண்ணை உண்டாக்கும். பெயரற்ற பொட்டல மாத்திரைகளையும், பட்டமற்றவர் போடும் ஊசியையும் அறவே விலக்க வேண்டும்.

பயிற்சியைக் கற்றுத்தர ஆளில்லையே என்று கவலற்க. தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் ஓர் அங்கமாகும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் விவரம் கிடைக்கும்.

காத்திருக்கலாகாத வேளை

தொலைவழி மருத்துவத்துக்கு எல்லை உண்டு. திரைவழியே தொட்டுப் பார்க்க முடியாது. உணர்ச்சியைச் சோதிக்க முடியாது. கீழ்க்கண்டவற்றில் முதல் மூன்றில் ஒன்று காணினும், வரிசை எண்ணுக்குக் காத்திராமல் 108க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்:

1. சிறுநீர் கழிக்க முடியாமை. அல்லது சிறுநீரோ மலமோ அறியாமல் வெளியேறுதல்.
2. பிறப்புறுப்பையும் உட்காருமிடத்தையும் சுற்றி மரத்துப்போதல்.
3. கால் நாளுக்கு நாள் வலுவிழத்தல். மரத்திலிருந்தோ உயரத்திலிருந்தோ விழுந்தபின் வரும் வலி.
4. காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் ஓயாத வலி. முதுகெலும்புக் காசநோயும் இவ்வாறு தோன்றலாம்.
5. முன்னர்ப் புற்றுநோய் இருந்தவருக்கும், முதுமையிலுள்ள பெண்களுக்கும் திடீரென வரும் வலி.

கடைசி இரண்டும் உள்ளோர் தாமதமின்றி மருத்துவரை நேரில் காண வேண்டும்.

என் ஒன்றியத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறுவது பயன்தரும். ஐம்பது வயதுக் குடியானவர் ஒருவர் உரமூட்டை தூக்கியபோது முதுகில் பிடிப்பு ஏற்பட்டது. ஐந்தாம் நாள், பொதுக் கட்டடத் திண்ணையில் உட்கார்ந்து, ஓர் இளைஞரின் கைப்பேசி வழியே மருத்துவருடன் பேசினார். சுற்றிலும் பத்துப் பேர். அவர்களுள் மருமகளும் ஒருவர். "சிறுநீர் தடையின்றிப் போகிறதா?" என்று மருத்துவர் முறைப்படி கேட்டார். அவர் கூசி, "போகிறது" என்று சொல்லிவிட்டார். மருத்துவரும் மாத்திரையும் நடமாட்டமும் கூறி விடைகொடுத்தார்.

மறுநாள் கிராம சுகாதாரச் செவிலியர் அவரைத் துணை சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, கதவைச் சாத்திவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். முதல் நாள் காலை முதலே சிறுநீர் போகவில்லை என்றும், உட்காருமிடம் மரத்திருக்கிறது என்றும் அப்பொழுதுதான் அவர் வாய்திறந்தார். திரையில் வந்த மருத்துவர் ஒரு நிமிடமும் தாழ்த்தாமல், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். பிதுங்கிய வட்டு நரம்புக் கற்றையை நெருக்கியிருந்தது. அன்றிரவே அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்று அவர் நடக்கிறார், வயலுக்கும் செல்கிறார். ஆயினும் வலப் பாதத்தில் மரப்பு முற்றும் நீங்கவில்லை. ஒரு நாள் முந்தியிருந்தால் அதுவும் நீங்கியிருக்குமோ என்னும் எண்ணம் எனக்கு இன்றும் உண்டு. மருத்துவர் கேட்கத் தவறவில்லை, கருவியும் பழுதுபடவில்லை. குறைவாயிருந்தது ஒரு கதவு மட்டுமே.

ஊராட்சி செய்யத்தக்கவை

எனவே ஊராட்சி உறுப்பினர்களுக்குச் சில விண்ணப்பங்கள்:

1. துணை சுகாதார நிலையத்திலோ ஊராட்சிக் கட்டடத்திலோ, தாழிடக்கூடிய அறையொன்றைத் தொலைவழி மருத்துவத்துக்கு ஒதுக்குக. ஒரு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு விளக்கு, ஒரு திரைச்சீலை போதும்.
2. அவ்வறைக்கு இணைய இணைப்பு கிடைக்கச் செய்க. பாரத்நெட் திட்டத்தின் கண்ணாடி இழை வடம் எட்டியுள்ள ஊராட்சிகள் அதனை இதற்கும் பயன்படுத்தலாம்.
3. மருத்துவர் கிடைக்கும் நேரத்தையும், மேற்கூறிய ஆபத்து அறிகுறிகளையும் பெரிய எழுத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் வைக்க.
4. படித்த இளைஞரும் மகளிர் குழுவினரும் முதியோருக்குப் பதிவு செய்து கொடுக்கட்டும். பதிந்தபின் அறையை விட்டு வெளியே வந்துவிடட்டும்.
5. கிராம சபைக் கூட்டத்தில் இதனை ஒருமுறையேனும் விளக்கிக் கூறுக.

வேளாண் பெருமக்கள் செய்யத்தக்கதும் உண்டு. மூட்டையைத் தூக்குகையில் இடுப்பை வளைக்காது முழங்காலை மடக்குக. சுமையை உடலோடு அணைத்துக்கொள்க. சுமையோடு இடுப்பைத் திருப்பாமல் பாதத்தையே திருப்புக. கனத்த மூட்டைக்கு இருவர் கைகொடுப்பது இழிவன்று. நின்றுகொண்டே தள்ளும் களையெடுக்கும் கருவியையும், நீண்ட காம்புள்ள கருவிகளையும் கூடியவரை பயன்படுத்துக. நடவில் குனிந்திருக்கும் பெண்கள் அடிக்கடி நிமிர்ந்து நிற்பதைச் சோம்பலென்று எவரும் கடிந்துரைக்க வேண்டாம்.

இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை இழந்து, வரிசையில் நின்று கேட்க வேண்டியிருந்த அறிவுரையில் பெரும்பகுதி இன்று ஊரிலேயே கிடைக்கிறது. அதனைக் கேட்கும் மருத்துவர் தொலைவில் இருக்கிறார். மெய்யைச் சொல்வதற்கான இடத்தையும் துணிவையும் அளிக்க வேண்டியவர்கள் அருகிலிருக்கும் நாமே. அடுத்த ஊராட்சிக் கூட்டத்தில் அவ்வறைக்கு ஒரு தீர்மானம் நிறைவேறுமாயின், இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகக் கருதுவேன்.