படத்துக்குள் ஒரு கையெழுத்து

ஐந்நூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், வெற்றிடத்தில் காந்தியின் முகம் தெரியும். அங்கே மை கிடையாது. காகிதமே சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் இருக்கிறது, அவ்வளவுதான். குறியை அழிக்க வேண்டுமானால் காகிதத்தையே கிழிக்க வேண்டும். கணினியில் இருக்கும் ஒரு புகைப்படத்துக்கு இதுபோல நீர்க்குறி போடுவதென்றால் அதை எங்கே வைப்பது?

முதலில் தோன்றும் வழி எளிது. கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். 142-ஐ 143 ஆக்கினால் எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. இரட்டைப்படை என்றால் 0, ஒற்றைப்படை என்றால் 1 என்று வைத்துக்கொண்டு, படம் எடுத்தவர் பெயரையே அதில் எழுதிவிடலாம். ஆனால் அந்தப் படத்தை வாட்ஸாப்பில் ஒருமுறை அனுப்பினால் போதும். கோப்பைச் சுருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்ணிய வித்தியாசங்கள்தான் முதலில் கழிபடும். பெயரும் அவற்றோடு போய்விடும்.

அதனால் புள்ளிகளை விட்டுவிட்டுப் படத்தை வேறு கணக்கில் பார்க்க வேண்டும். அகலக் கட்டம், நடுத்தரக் கட்டம், பொடிக் கட்டம் என்று விதவிதமான துணிகளை, ஊடுருவிப் பார்க்கும் அளவுக்கு மெல்லியதாக நெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துணிக்கு எவ்வளவு சாயம் என்பதைச் சரியாகத் தேர்ந்துவிட்டால், அந்த அடுக்கிலிருந்து எந்த முகத்தையும் வரவழைக்கலாம். வானம், கன்னம் போன்று மெல்ல மாறும் பரப்புகளை அகலக் கட்டங்கள் தருகின்றன. தலைமுடியும் புடவைச் சரிகையும் பொடிக் கட்டங்களின் வேலை. அகலக் கட்டம்தான் குறைந்த அதிர்வெண், பொடிக் கட்டம் உயர்ந்த அதிர்வெண். புள்ளிகளின் எண்களைச் சாயத்தின் அளவுகளாக மாற்றித் தருவது கொசைன் உருமாற்றம். திருப்பிக் கணக்கிட்டால் பழைய படம் அப்படியே கிடைக்கும்.

பெங்களூரில் பிறந்து, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது 1972-இல் இந்த யோசனைக்கு ஆய்வு நிதி கேட்டார். கிடைக்கவில்லை. அவர் விடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் அவர் வெளியிட்ட கட்டுரை நான்கே பக்கம். இன்று நம் கைபேசியில் இருக்கும் ஒவ்வொரு ஜேபெக் படமும் 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சதுரங்களாக வெட்டப்பட்டு, 64 சாய அளவுகளாக மாறி, பொடிக் கட்டங்களில் பெரும்பாலானவற்றைப் பூஜ்யமாக்கித்தான் சுருக்கப்படுகிறது. நிதி மறுக்கப்பட்ட ஒரு யோசனை இத்தனை பேர் வாழ்க்கைக்குள் வந்துவிட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

நீர்க்குறிக்கு வருவோம். பொடிக் கட்டங்களில் ஒளித்தால் சுருக்கும்போது அழியும். அகலக் கட்டங்களில் கை வைத்தால் படம் கெடும் என்று அஞ்சிப் பலரும் ஒதுங்கினார்கள். இங்கெமார் காக்ஸும் அவருடைய மூன்று தோழர்களும் 1997-இல் எழுதிய கட்டுரையில் அந்த அச்சத்தை நேராக எதிர்கொண்டார்கள். படத்துக்கு எது உயிரோ அங்கேதான் குறியை வைக்க வேண்டும் என்றார்கள். முழுப் படத்தையும் உருமாற்றி, அதில் மிகப் பெரிய 1000 அளவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூட்டியோ குறைத்தோ வைத்தார்கள். எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதைச் சொல்லும் தற்செயல் எண்வரிசைதான் கையெழுத்து. மாற்றம் ஆயிரம் இடங்களில் பரவிக் கிடப்பதால் கண்ணுக்குப் புலப்படாது. மூலப் படமும் அந்த எண்வரிசையும் கையில் உள்ளவர் ஆயிரம் சிறு மாற்றங்களையும் ஒப்பிட்டுக் கூட்டிப் பார்த்தால் விடை பளிச்சென்று எழும். திருடுபவர் இதை அழிக்க முனைந்தால் படத்தையே பாழாக்க நேரிடும்.

அவர்கள் குறியிட்ட படத்தை அச்சிட்டு, அந்தத் தாளை நகலெடுத்து, நகலை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கையெழுத்து இருந்தது. ஒரே படத்தின் ஐந்து பிரதிகளில் ஐந்து வெவ்வேறு கையெழுத்துகளை இட்டு, ஐந்தையும் கலந்து சராசரி எடுத்தார்கள். அந்த ஒற்றைப் படத்திலிருந்து ஐந்து கையெழுத்துகளும் தனித்தனியே கிடைத்தன.